மதுரை வெயில்ல தினமும் கிளாசிக்கா உடுத்தணும்: துணி, தையல், துவைப்பு பத்தி விவரமா பேசுவோம்

மாடக்குளத்தான்:
அண்ணன்மாரே, ஆபீஸுக்கு ஜீன்ஸ், டீசர்ட்டை விட்டுட்டு ஒழுங்கா சட்டை, பேன்ட், ஷூன்னு மாறலாம்னு இருக்கேன். கோட் சூட் வேணாம். தினசரி போடுற மாதிரி, பத்து வருஷம் கழிச்சு போட்டோவைப் பார்த்தாலும் சிரிப்பு வராத மாதிரி இருக்கணும். உயரம் 5 அடி 7, நெஞ்சு 38, இடுப்பு 34, லேசா தொப்பை. போக வர பைக்தான். பட்ஜெட் 15,000. ரெடிமேட்ல தோள் சரியா இருந்தா வயித்துல பிடிக்குது, வயித்துக்குப் பார்த்து எடுத்தா தோள் தொங்குது. எங்க ஆரம்பிக்கிறது? பிராண்ட் பேரை மட்டும் அடுக்காதீங்க, காரணத்தோட சொல்லுங்க.

கத்தரி_காஜா:
தோளுக்கு ஒரு சைஸ், வயித்துக்கு ஒரு சைஸ்னா தைச்சுப் போடுறதுதான் வழி. ரெடிமேட்ல வயித்தைப் பிடிச்சுக் குறைக்கலாம், கையைக் குட்டை பண்ணலாம். தோளைத் தொட முடியாது. தொட்டா கை, ஆர்ம் ஹோல் (கை வந்து சேர்ற வளைவு), காலர் எல்லாத்தையும் பிரிக்கணும், கூலி புதுச் சட்டைக்கே ஆயிடும். அதனால எதை வாங்கினாலும் முதல்ல தோள்.

முதல் தடவை ஒரே ஒரு சட்டை தைக்கக் கொடுங்க. நாலு துணியையும் மொத்தமா தூக்கிட்டுப் போய்க் கொடுத்தீங்கன்னா, ஒரு தப்பு நாலு சட்டையிலயும் வந்து உக்காந்துக்கும். முதல் சட்டையை மூணு தடவை துவைச்சு, போட்டுப் பார்த்து, திருத்தின அளவை டெய்லர் நோட்டுல எழுத வச்சதுக்கு அப்புறம் மீதி.

38 நெஞ்சுக்கு நான் சொல்ற அளவு இது. டெய்லருக்கு டெய்லர் வெட்டு மாறும், அதனால எல்லாமே தைச்சு முடிஞ்ச சட்டையோட அளவாவே சொல்றேன்.

நெஞ்சு சுத்து 42, அதாவது உடம்பை விட 4 இஞ்ச் கூட. தொப்பை இருக்கிறதால வயித்துலயும் 4-க்குக் குறைய வேணாம். உக்காரும்போது வயிறு ரெண்டு இஞ்சாவது விரியும், நின்னுக்கிட்டே டேப் வச்சா அது கணக்குல வராது. உக்கார்ந்தும் ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்க. தோள் தையல் எலும்பு முடியுற இடத்துலயே நிக்கணும். அரை இஞ்ச் உள்ள போனாலும் பரவாயில்லை, ஒரு இஞ்ச் வெளிய இறங்கிருச்சுன்னா அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி ஆயிடும். காலர், கழுத்தோட அரை இஞ்ச் கூட. பட்டன் போட்டதும் ஒரு விரல் நுழையணும், ரெண்டு நுழைஞ்சா லூஸ். முழுக்கை மணிக்கட்டு எலும்பைத் தாண்டி, கட்டை விரல் ஆரம்பிக்கிற இடம் வரை. வாட்ச் கட்டுற கைக்கு கஃப் மட்டும் கால் இஞ்ச் பெருசா வைக்கச் சொல்லுங்க, எந்த டெய்லரும் தானா கேட்க மாட்டார். இன் பண்ணுற சட்டைக்கு உயரம் 30. குட்டையா இருந்தா பைக்ல உக்காரும்போது பின்னாடி உருவிக்கிட்டு வரும்.

ஆர்ம் ஹோல் பத்தி தனியா சொல்லணும். நம்ம ஊர்ல "ஃப்ரீயா இருக்கும் தம்பி"ன்னு அதைக் கீழ இறக்கி வெட்டுவாங்க. நடக்குறது நேர் எதிர். ஆர்ம் ஹோல் இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது சட்டை மொத்தமும் கையோட மேல ஏறும், இன் கலைஞ்சிடும். அக்குளை ஒட்டி மேல வெட்டினா கை தனியா தூக்கும், சட்டை இடுப்புலயே நிக்கும். அக்குளுக்கும் தையலுக்கும் நடுவுல ஒரு விரல் இடம் போதும்.

நூறாம்நம்பர்:
தையலுக்கு முன்னாடி துணி. கடையில "பியூர் காட்டன்"னு சொன்னா நம்பாதீங்க, ஓரத்துல கொஞ்சம் நூல் கேட்டு வாங்கி வீட்ல கொளுத்திப் பாருங்க. நீளவாக்குல ஓடுற பாவு நூலைத் தனியா, குறுக்க ஓடுற ஊடை நூலைத் தனியா உருவணும். பாவுல காட்டனும் ஊடையில பாலியஸ்டரும் ஓட்டுற துணி இருக்கு, ரெண்டையும் சேர்த்துக் கொளுத்தினா ஏமாந்துடுவீங்க. காட்டன், லினன் ரெண்டும் பேப்பர் எரியுற வாசனையோட எரிஞ்சு, தொட்டா பொடியா உதிர்ற சாம்பல் விடும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், ஆறினதும் விரல்ல கருப்பா கெட்டியா ஒரு மணி உருளும். கம்பளி முடி கருகுற வாசனை, தீயை எடுத்ததும் தானா அணைஞ்சிடும். சாம்பலோட மணியும் வந்தா கலப்பு.

சட்டைக்கு நூல் நம்பர் கேளுங்க. நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. 40 தடிமனா உழைக்கும். 60, 80 நம்ம வெயிலுக்குச் சரி. டபுள் நூல்ல 2/80, 2/100 வந்தா இன்னும் நல்லது, ரெண்டு இழை முறுக்கினதால தேய்மானம் கம்மி. 120-க்கு மேல போனா வழவழன்னு இருக்கும், ஆனா உக்கார்ந்து எந்திரிச்சதும் கசங்கிப் போகும், காலர் மடிப்புல சீக்கிரம் கிழியும். தினசரிக்கு அது தேவையே இல்லை. எடை 110 முதல் 130 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம். 100-க்குக் கீழ வெள்ளைத் துணி எடுத்தா பனியன் கோடு வெளிய தெரியும்.

நெசவுல பாப்ளின் மெல்லிசு, ஃபார்மல், கசங்கும். ட்வில் கசங்குறது கம்மி, கொஞ்சம் சூடு. ஆக்ஸ்ஃபோர்டு கூடை மாதிரி பின்னல்ங்கிறதால தடிச்சாலும் காத்து நுழையும். லினன் எடுத்தா சட்டைக்கு 60 லீ (லினன் நூலுக்கு நம்பர் சொல்ற கணக்கு), பேன்ட்டுக்கு 25 முதல் 40. லினன் கசங்கும், அது அதோட குணம். கசங்காத லினன்னு யாராவது வித்தா, அதுல வேற ஏதோ கலந்திருக்கு.

எவ்வளவு வாங்குறது: 58 பன்னான்னா (துணியோட அகலம், இஞ்ச்ல) முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர். 36 பன்னான்னா 2.25 முதல் 2.50. கட்டம் போட்டதுக்கு 20 சென்டிமீட்டர் கூட, இல்லைன்னா பாக்கெட்டுல கட்டம் சேராது. பேன்ட் 58 பன்னாவுல 1.25 மீட்டர். எல்லாத்துக்கும் சுருக்கத்துக்குன்னு 10 சென்டிமீட்டர் மேல வாங்குங்க.

இப்ப சுருக்கம். நிறைய சட்டை கெட்டுப்போறது இங்கதான். காட்டன் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 4 சதவீதம்னு வைங்க: 24 இஞ்ச் கை ஒரு இஞ்ச் போச்சு, பதினஞ்சரை காலர் அரை இஞ்சுக்கு மேல போச்சு. டெய்லர் சரியாத்தான் தைச்சிருப்பார், ரெண்டாவது துவைப்புல கழுத்து நெரிக்கும், பழி அவர் மேல விழும். துணியை வெட்டுறதுக்கு முன்னாடி ராத்திரி பூரா தண்ணியில ஊற வச்சு, பிழியாம நிழல்ல தொங்கவிட்டு, லேசா ஈரம் இருக்கும்போதே தேய்ச்சுக் கொடுங்க. "நாங்களே நனைச்சுக்குவோம்"னு சொல்ற கடையில பாதிப் பேர் தண்ணி தெளிச்சுத் தேய்க்கிறதோட சரி.

மாடக்குளத்தான்:
இவ்வளவு பாயிண்ட் சொன்னா டெய்லர் "நீயே தைச்சுக்கப்பா"ன்னு சொல்லிருவாரேண்ணே.

கத்தரி_காஜா:
சொல்ற நேரம் முக்கியம். தீபாவளிக்கு முந்தின மாசம், பொங்கலுக்கு முந்தின வாரம், பள்ளிக்கூடம் திறக்குற ஜூன், இந்த மூணு சமயமும் போகாதீங்க. அப்ப யாரும் யார் பேச்சையும் கேட்க மாட்டாங்க, காஜா (பட்டன் ஓட்டை) போட வெளிய போகும், அயர்ன் பேருக்கு. ஆடியில போங்க. முகூர்த்தம் கிடையாது, கடை காலியா இருக்கும், மாஸ்டரே நின்னு அளவு எடுப்பார். விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கம் துணியும் அப்பத் தள்ளுபடியில கிடைக்கும்.

உங்களுக்கு நல்லா உக்கார்ற பழைய சட்டை ஒண்ணு இருந்தா அளவுச் சட்டையா கொண்டு போங்க. "இதே மாதிரி, ஆனா கை அரை இஞ்ச் நீளம், ஆர்ம் ஹோல் முக்கால் இஞ்ச் மேல"ன்னு வித்தியாசத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் துணியோட குத்திடுங்க. வாயால சொன்னது அளவு எடுக்குற மாஸ்டரோட நின்னுடும். வெட்டுறது ஒருத்தர், தைக்கிறது இன்னொருத்தர். சீட்டு மட்டும்தான் மூணு பேர் கையிலயும் போகும்.

மீனாட்சி கோயில் முன்னாடி புதுமண்டபத்துல வரிசையா இருந்த தையல் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிடுச்சு, தெரியாம யாரும் அங்க போய் நிக்க வேணாம். சுவாமி வஸ்திரம், தேர்ல தொங்கவிடுற தொம்பைன்னு அந்த வேலையில அவங்க கை தனி. பேன்ட்டுக்கு மட்டும், பேன்ட் வெட்டியே பழகின ஜென்ட்ஸ் டெய்லரைத் தேடுங்க. சட்டை நல்லா தைக்கிறவர் எல்லாரும் பேன்ட் நல்லா தைப்பார்னு இல்லை.

காலர் உள்ள வைக்கிற கேன்வாஸ் பத்தி ஒரு வார்த்தை. ஒட்டுற கேன்வாஸ்ல பசை இருக்கும், சூட்டுல உருகித் துணியோட பிடிக்கும். சூடோ அழுத்தமோ பத்தலைன்னா, இல்லை துணி ஒரு அளவும் கேன்வாஸ் ஒரு அளவும் சுருங்கினா, நாலு துவைப்புல காலர்ல கொப்புளம் கிளம்பும். அதை என்ன தேய்ச்சாலும் போகாது. ஒட்டாத காட்டன் கேன்வாஸை நனைச்சுக் காயவச்சுத் தைக்கச் சொல்லலாம். பளபளன்னு விறைப்பா நிக்காது, கொஞ்சம் மெதுவா உருளும். எனக்கு அதுதான் அழகு. ஆனா தேய்க்கிறதுல வேலை கூட.

தையல் நெருக்கமும் பாருங்க. ஒரு இஞ்சுக்கு 8, 9 தையல்னா அவசர வேலை. 14-க்கு மேல இருந்தா நல்ல சட்டை. டேப்பைக் காலர் ஓரத்துல வச்சு எண்ணுங்க, அரை நிமிஷ வேலை.

சும்மா_பாக்க_வந்தேன்:
ஏப்பா, சித்திரையில 40 டிகிரி அடிக்குற ஊர்ல முழுக்கைச் சட்டை, ஷூ, சாக்ஸ்! காந்தியே இந்த ஊருக்கு வந்துதான் சட்டையைக் கழட்டினாரு. அரைக்கை டீசர்ட்டே போதும்.

எட்டுமுழம்:
காந்தி 1921 செப்டம்பர் 22-ல மேலமாசி வீதி வீட்ல அந்த முடிவை எடுத்தது வெக்கைக்குப் பயந்து இல்லை, துணி வாங்க முடியாதவங்களைப் பார்த்து. அந்தக் கட்டடத்துல இப்ப கதர்க்கடைதான் இருக்கு. வெக்கைக்கு மருந்தும் அங்கேயே கிடைக்குது: கையில நூத்த நூல் சீரா இருக்காது, இழைக்கு இழை இடைவெளி விடும், வேர்வையைக் குடிக்கும், காத்து போகும். கதருக்கு ரெண்டு தடவை ராத்திரி ஊறல் போடுங்க, மில் துணியை விட அதிகமா சுருங்கும். காலர் விறைப்பா நிக்காது, அதனால சின்னக் காலரோ சைனீஸ் காலரோ தைக்கிறது நல்லது.

வெறும் தோலுல வெயில் படுறதை விட, காத்து போற முழுக்கை பைக்ல சுகம். அரைக்கை டீசர்ட்ல வர்ற கையைப் பாருங்க, முழங்கைக்கு மேல ஒரு நிறம், கீழ ஒரு நிறம்.

இன்னொண்ணு, கிளாசிக்னா பேன்ட் மட்டும்தானா? வேட்டியை ஏன் யாரும் பேசலை? 2014-ல சென்னையில ஒரு கிளப்ல வேட்டி கட்டின நீதிபதியையே உள்ள விடலைன்னதும் அதுக்குன்னு சட்டசபையில சட்டமே போட்டாங்க. வெள்ளிக்கிழமை ஒரு நாளாவது கட்டலாம், ஆனா ஒழுங்கா கட்டணும். 4 முழம் ஒத்தை வேட்டி வீட்டுக்கு, கடைத்தெருவுக்கு. வெளிய ஒரு நிகழ்ச்சின்னா 8 முழம், ரெட்டையா மடிச்சுக் கட்டுறதால உள்ள தெரியாது, விழுற விதமும் நல்லா இருக்கும். கீழ்க்கரை முன்னாடியும் பின்னாடியும் ஒரே மட்டத்துல, கணுக்கால் எலும்பை மூடி நிக்கணும். பின்பக்கம் தூக்கிக்கிட்டு இருக்கிறதுதான் வழக்கமான தப்பு, கட்டும்போது முன்னாடி குனியுறதால வர்றது. நிமிர்ந்து நின்னு கட்டுங்க.

சட்டை நீளம் 29, அடி நேரா வெட்டினது, ரெண்டு பக்கமும் ஸ்லிட். இன் பண்ணுற சட்டையோட வளைஞ்ச அடி வேட்டி மேல தொங்கினா நல்லாவே இருக்காது. பச்சை பெல்ட் கட்டுறவங்க கட்டிக்கங்க, சட்டைக்கு வெளிய புடைக்காத அளவுக்கு. கரை அரை இஞ்சுல இருந்து ஒரு இஞ்சுக்குள்ள, மயில்கழுத்து, மெரூன், பழுப்பு மாதிரி எடுங்க. ரெண்டு மூணு நிறம் சேர்ந்த கரையை விவரம் தெரியாம எடுத்துட்டு வந்தா, டீக்கடையில "எந்த வார்டு தம்பி?"ன்னு கேட்பாங்க.

சும்மா_பாக்க_வந்தேன்:
சரி சரி, கதர் பத்தி சொன்னது நியாயம். வாபஸ். பேன்ட்டு கதைக்கு வாங்க.

கத்தரி_காஜா:
பேன்ட். எல்லாரும் தப்பு விடுற ஒரே இடம், கட்டுற உயரம். தொப்பைக்குக் கீழ லோ ஹிப்ல கட்டினா வயிறு பெல்ட்டுக்கு மேல வழியும், உக்காரும்போது சட்டை உருவும், கால் குட்டையா தெரியும். தொப்புளுக்கு ஒரு இஞ்ச் கீழ இருக்கணும். முன் ரைஸ் (கால் பிரியுற இடத்துல இருந்து இடுப்புப் பட்டி வரை) 11 இஞ்ச் வைக்கச் சொல்லுங்க. உங்க 5 அடி 7-க்கு இது ஒண்ணே ரெண்டு இஞ்ச் உயரம் கூட்டிக் காட்டும்.

ஒரு ப்ளீட் வைங்க. ப்ளீட்னா தாத்தா பேன்ட்னு பயப்படாதீங்க. தொடை உக்காரும்போது விரியறதுக்கு அந்த மடிப்புத்தான் இடம் கொடுக்குது. ப்ளீட் இல்லாத டைட் பேன்ட்டோட பைக்ல தினமும் ஏறி இறங்கினா ஆறு மாசத்துல நடுத்தையல் விடும். பாட்டம் சுத்து 15 இஞ்ச். 13-க்குக் கீழ போனா ஷூ படகு மாதிரி தெரியும், 17-க்கு மேல போனா கொடி. நீளம் ஷூவைத் தொட்டும் தொடாம. பைக்ல கால் மடங்கும்போது ஒரு இஞ்ச் ஏறுறது சகஜம், அதுக்காக நீளம் கூட்டாதீங்க. நீளமான சாக்ஸ் போடுங்க.

தைக்கக் கொடுக்கும்போதே ரெண்டு இடத்துல துணி விடச் சொல்லணும். பின் நடுத்தையல்ல ரெண்டு பக்கமும் ஒண்ணேகால் இஞ்ச், கால் அடியில 2 இஞ்ச் உள்மடிப்பு. இடுப்பு ஏறினாலும் இறங்கினாலும் அதே பேன்ட் அஞ்சு வருஷம் ஓடும். ரெடிமேட்ல இது சுத்தமா இருக்காது, பிரிச்சா ஓவர்லாக்தான் வரும். பாக்கெட் துணி காட்டனா இருக்கணும். அங்க பாலியஸ்டர் வச்சா தொடை ரெண்டும் வேகும்.

நூறாம்நம்பர்:
பேன்ட் துணிக்கு நான் சொல்றது ட்ராபிக்கல் கம்பளி, 220 முதல் 250 ஜிஎஸ்எம். மதுரையில கம்பளியான்னு சிரிக்காதீங்க. குளிர்ப் பிரதேச ஸ்வெட்டர் நூல் இல்லை இது. நல்லா முறுக்கின மெல்லிய நூல், சாதா நெசவு, வெளிச்சத்துல பிடிச்சா துளித்துளியா ஓட்டை தெரியும், வாயால ஊதினா அந்தப் பக்கம் காத்து போகும். கம்பளி தன் எடையில 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கிட்டும் நனைஞ்ச மாதிரி காட்டாது. ராத்திரி ஹேங்கர்ல தொங்கவிட்டா முட்டி மடிப்பு தானா மறைஞ்சிடும். விலை ஒத்துவரலைன்னா கம்பளி பாலியஸ்டர் கலப்பு, 45-க்கு 55. பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த டெரிவிஸ்கோஸ் மூணாவது: கசங்காது, ஆனா சீட்டுல சீக்கிரம் பளபளப்பு ஏறும், மத்தியானம் ஒட்டும். இன்னொரு பேன்ட் காட்டன் ட்வில், 250 ஜிஎஸ்எம், காக்கி இல்லைன்னா ஆலிவ்.

கம்பளியை நேரடியா இஸ்திரி போட்டா பாழ். மேல ஈரத் துணி போட்டு அழுத்தி எடுக்கணும், இழுக்கக் கூடாது. தெருமுனை கரிப் பெட்டிக்காரர்கிட்ட காட்டன் மட்டும் கொடுங்க. அவர் பெட்டியில சூட்டைக் கூட்டக் குறைக்க குமிழ் கிடையாது, தண்ணி தெளிச்சு அனுபவத்துல பார்க்கிறார். காட்டனுக்கு 200 டிகிரி தாங்கும், கம்பளிக்கு 150-தான் எல்லை.

மாடக்குளத்தான்:
நிறம் என்ன எடுக்குறது? வேர்வை அடையாளம் தெரியாம இருக்கணும், அதான் பெரிய பிரச்சனை.

நூறாம்நம்பர்:
நடுத்தர சாம்பலும் நடுத்தர நீலமும் வேர்வையை அப்படியே போஸ்டர் ஒட்டிக் காட்டும், தவிர்த்துடுங்க. வெள்ளை, வெளிர் நீலக் கோடு, சந்தனம், அடர் நேவி இதுல தெரியாது. கோடு, சின்னக் கட்டம் போட்ட துணி ப்ளெய்னை விட மறைக்கும். மாநிறத்துக்கும் கருப்புக்கும் சந்தனமும் வெளிர் நீலமும் எடுப்பா இருக்கும். முகத்தோட நிறத்துக்கு நெருங்கின பழுப்பு எடுத்தா முகமும் சட்டையும் ஒண்ணாயிடும்.

வெள்ளைச் சட்டைக்கு உள்ள வெள்ளை பனியன் போடுறதுதான் எல்லாரும் பண்றது. வெள்ளைதான் அதிகமாத் தெரியும்! உங்க தோல் நிறமோ வெளிர் சாம்பலோ போடுங்க, மறைஞ்சிடும். கை வச்ச பனியனா இருக்கட்டும், கை இல்லாதது அக்குள் வேர்வையைப் பிடிக்காது.

வெண்நீலம்:
வாங்குறது, தைக்கிறது எல்லாம் பேசிட்டீங்க. மதுரையில சட்டை சாகுறது துவைக்கிற கல்லுல. போர் தண்ணி உப்பு, அதுல இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போட சேர்ந்து துணியில படியும். வெள்ளை சாம்பலாகுறதும், டவல் அட்டை மாதிரி ஆகுறதும் அதனாலதான். பவுடரைக் கூட்டிப் போட்டா படிவும் கூடும். லிக்விட் டிடர்ஜென்ட்டுக்கு மாறுங்க, கடைசி அலசல்ல அரை பக்கெட் தண்ணிக்கு 50 மில்லி வெள்ளை வினிகர் விடுங்க, வாசனை காய்ஞ்சதும் போயிடும். நீலம் அதுக்கு அப்புறம், தனி அலசலா, கரைச்சு வடிகட்டி. ப்ளீச் பவுடர் போட்ட தண்ணியில மட்டும் வினிகரைக் கலந்துடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும்.

அக்குள் மஞ்சளுக்குக் காரணம் வேர்வை மட்டும் இல்லை. வியர்வை அடக்குற ரோல்-ஆன்ல இருக்கிற அலுமினிய உப்பு வேர்வையோட சேர்ந்து படியுறது. அதுக்கு குளோரின் ப்ளீச் போட்டா இன்னும் மஞ்சளாகும். மருந்துக்கடையில 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். அது ரெண்டு பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு பங்கு, கலந்து தடவி அரை மணி நேரம் நிழல்ல வச்சு, பழைய பிரஷ்ஷால தேய்ச்சு அலசுங்க. வெள்ளைக்கு மட்டும். ரோல்-ஆன் போட்டா காயுற வரை சட்டையை மாட்டாதீங்க, பாதிக் கறை அங்கேயே குறையும்.

காலர் அழுக்குக்கு ஷாம்பூ. காலர்ல இருக்கிறது தலை எண்ணெய், அதை எடுக்கத்தான் ஷாம்பூவே. துவைக்கிறதுக்கு 15 நிமிஷம் முன்னாடி தடவி வைங்க. பிரஷ் வச்சுக் கரகரன்னு தேய்ச்சா மடிப்புல நூல் பிரியும்.

எட்டுமுழம்:
வேட்டிக்குக் கஞ்சி?

வெண்நீலம்:
ஒரு லிட்டர் தண்ணியில ரெண்டு டேபிள்ஸ்பூன் ஜவ்வரிசி, கண்ணாடியா கரையுற வரை காய்ச்சி, மெல்லிய துணியில வடிகட்டி, இன்னும் மூணு நாலு லிட்டர் தண்ணி சேர்த்தா ரெண்டு வேட்டிக்கு வரும். வடிகட்டாம விட்டா இஸ்திரியில கட்டி கருகி மஞ்சள் புள்ளி விழும். வேட்டி நனைஞ்சிருக்கும்போதுதான் கஞ்சியில முக்கணும், காய்ஞ்ச துணியில போட்டா திட்டுத்திட்டா பிடிக்கும்.

சட்டைக்கு நான் வேணாம்னுதான் சொல்வேன். கஞ்சி துணியோட கண்ணை அடைச்சிடும், 60 நம்பர் காட்டன் வாங்கினதுக்கே அர்த்தம் இல்லாமப் போகும். மடிப்பு நூலும் ஒடியும். வேணும்னா காலருக்கும் கஃபுக்கும் மட்டும் லேசா. கஞ்சி போட்டதைப் பீரோவுல மாசக்கணக்கா வைக்காதீங்க, வெள்ளிப்பூச்சி அதைத் தேடித்தான் வரும்.

எட்டுமுழம்:
சட்டைக்குக் கஞ்சி வேணாமா? கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாம இந்த ஜில்லாவுல ஒரு விசேஷம் நடந்திருக்கா? விசேஷத்துக்குப் போடலாம், தினசரிக்கு வேணாம்னு திருத்திக்கங்க.

வெண்நீலம்:
விசேஷத்துக்குப் போட்டுக்கங்க. வேர்த்தா நசநசன்னு ஒட்டும், அது உங்க பாடு.

தோல்வார்:
ஷூ. இந்த ஊர்ல கோயில், வீடு, கிளினிக், சில ஆபீஸ்னு ஒரு நாளைக்குப் பல இடத்துல கழட்டணும். லேஸ் கட்டுற ஆக்ஸ்ஃபோர்டு அழகுதான், ஆனா வாசல்ல குனிஞ்சு உக்காந்து அவிழ்க்கச் சோம்பல்பட்டு குதிகாலை மிதிச்சே கழட்டுவீங்க, ரெண்டு மாசத்துல பின்பக்கம் உடையும். முதல் ஷூ அடர் பழுப்புல, லேஸ் இல்லாத லோஃபரா இருக்கட்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கமே செய்யுற நல்ல தோல் ஷூ கிடைக்கும்போது பிளாஸ்டிக் வாங்க வேணாம்.

பார்க்க வேண்டியது மூணு. முன்பக்கத்தைக் கட்டை விரலால அழுத்துங்க. மெல்லிய சுருக்கம் விழுந்து மறைஞ்சா தோல், ஒரே பள்ளமா அமுங்கினா மேல பிளாஸ்டிக் பூச்சு. உள்பக்கமும் தோலா இருக்கணும், ரெக்சின் லைனிங்தான் நாத்தத்துக்குக் காரணம். அடி: வெறும் பசையில ஒட்டினதா, தைச்சதான்னு கேளுங்க. ஒட்டினது பிரிஞ்சா மறுபடி ஒட்டலாம், ரொம்ப நாள் நிக்காது. தைச்சதுக்கு அடி மாத்தலாம். பியு (பாலியூரித்தேன்) அடி போட்ட ஷூவை விசேஷத்துக்குன்னு டப்பாவுல ரெண்டு மூணு வருஷம் பூட்டி வைக்காதீங்க. காத்துல இருக்கிற ஈரமே அதைச் சிதைக்கும், மண்டபத்துல நடக்கும்போது கேக் துண்டு மாதிரி உதிரும்.

சாயந்திரம்தான் வாங்கப் போகணும், அப்பத்தான் கால் வீங்கியிருக்கும். ஒரு நாள் போட்டா ஒரு நாள் ஓய்வு, உள்ள பேப்பரைச் சுருட்டி வைங்க, ஈரத்தை இழுக்கும். பஞ்சு வச்ச லிக்விட் பாலிஷ் மேல ஒரு படலமா காய்ஞ்சு வெடிக்கும், க்ரீம் பாலிஷ் போடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில நனைஞ்சா வெயில்லயும் ஸ்டவ் பக்கத்துலயும் வைக்காதீங்க, தோல் வறண்டு பிளக்கும். ஃபேன் காத்து போதும்.

பெல்ட் ஷூ நிறத்துக்கு நெருங்கினா போதும், அச்சு அசலா வேணாம். அகலம் 3 முதல் 3.5 சென்டிமீட்டர். பக்கிள்ல எழுத்து வேணாம்.

கருங்கோட்டு:
கோட் வேணாம்னு கேட்டவர் சொல்லியிருக்கார், ஆனா இங்க கோட் தினசரி உடையா இருக்கிற ஒரு கூட்டம் இருக்கு. பார் கவுன்சில் விதிப்படி கோடையில கீழ் கோர்ட்டுல கருப்புக் கோட் கட்டாயம் இல்லை, உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. அதனால ஒத்தக்கடையில இருக்கிற உயர் நீதிமன்ற பெஞ்ச்சுக்குப் போற ஜூனியர் வக்கீல்களுக்குக் கோடையிலயும் கோட் உண்டு. அவங்களுக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லலாமா?

கத்தரி_காஜா:
லைனிங்தான் வேகவைக்குது, கோட் துணி இல்லை. முழு பாலியஸ்டர் லைனிங்கை விட்டுட்டு தோள்லயும் கையிலயும் மட்டும் விஸ்கோஸ் லைனிங், முதுகு திறந்த அரை லைனிங் கேளுங்க. அப்ப உள்தையல் வெளிய தெரியும், அதை மூட ஓரத்துல துணிப் பட்டை (பைப்பிங்) கட்டணும், அதனால கூலி கூட கேட்பாங்க, நியாயம்தான். துணி 240 ஜிஎஸ்எம் சுத்தக் கம்பளி, சாதா நெசவு. தோள் பேட் மெல்லிசா. கோட்லயும் தோள்தான் மாத்த முடியாத இடம். கை நீளம், இடுப்பு, உயரத்துல கொஞ்சம், இதெல்லாம் மாத்தலாம். சட்டை கஃப் அரை இஞ்ச் வெளிய தெரியணும், அது அழகுக்கு மட்டும் இல்லை, கோட் கை நுனியில அழுக்கு ஏறாம இருக்கும்.

ரிசப்ஷன் கோட் வாடகைக்கோ ரெடிமேடாவோ எடுக்கிறவங்களும் இதே வரிசையில பார்த்தா போதும்.

மாடக்குளத்தான்:
முதல் சட்டை ட்ரையல் பார்த்தாச்சு. தோள், கை சரி. ஆனா பின்னாடி காலருக்குக் கீழ குறுக்க ஒரு மடிப்பு நிக்குது, இழுத்து விட்டாலும் திரும்ப வருது. முன்னாடி மூணாவது பட்டன் கிட்ட ரெண்டு பக்கமும் லேசா கோடு ஓடுது. 15,000-ஐ எப்படிப் பிரிக்கலாம்னும் சொல்லுங்க.

கத்தரி_காஜா:
காலருக்குக் கீழ குறுக்கு மடிப்பு வந்தா உங்க தோள் சரிவு இல்லாம நேரா இருக்குன்னு அர்த்தம். டெய்லர் சராசரிச் சரிவுக்கு வெட்டியிருக்கார், தோள் முனையில துணி பத்தாம மேல தூக்குது, மிச்சம் நடு முதுகுல குவியுது. தைச்ச சட்டைக்கு வழி: காலரைப் பிரிச்சு, பின் கழுத்துக் குழியைக் கால் இஞ்ச் இறக்கி வெட்டி, காலரைத் திரும்ப வைக்கிறது. குழி இறங்கினா கழுத்துச் சுத்து கூடும், அதைக் காலரோட சரிபார்க்கச் சொல்லுங்க. கால் இஞ்ச் வெட்டி, போட்டுப் பார்த்து, தேவைன்னா இன்னொரு நூல் (அரைக்கால் இஞ்ச்). ஒரேயடியா அரை இஞ்ச் வெட்டினா திரும்ப ஒட்ட முடியாது. அடுத்த சட்டையில இது வேணாம், வெட்டும்போதே தோள் சரிவை அரை இஞ்ச் குறைச்சா போதும். நோட்டுல "தோள் நேர்"னு எழுத வைங்க.

பட்டன் கோடு எப்ப வருதுன்னு பாருங்க. நின்னா மறைஞ்சு உக்கார்ந்தா மட்டும் வந்தா விட்டுடலாம். நிக்கும்போதே இருந்தா பக்கத் தையல்ல ரெண்டு பக்கமும் கால் கால் இஞ்ச் விடச் சொல்லுங்க. சுத்துல ஒரு இஞ்ச் கிடைக்கும்.

காசு: ஷூ 4,000. ரெண்டு பேன்ட் கூலியோட 4,500. நாலு சட்டை 5,500. மீதி 1,000-ல பெல்ட், பனியன், சாக்ஸ், அகலத் தோள் ஹேங்கர். நாலு சட்டைன்னா வெள்ளை ஒண்ணு, வெளிர் நீலக் கோடு ரெண்டு, சந்தனம் ஒண்ணு. கம்பளிப் பேன்ட் இந்தக் கணக்குல அடங்கலைன்னா ஒரு சட்டையைக் குறைங்க, பேன்ட்டைக் குறைக்காதீங்க.

தோல்வார்:
ஷூவைக் குறைச்சுட்டு அஞ்சு சட்டை எடுக்கலாம்னு யாராவது அடுத்து வந்து சொல்வாங்க. கேட்காதீங்க.

மாடக்குளத்தான்:
சரிண்ணே. ஒரே ஒரு சந்தேகம். டெய்லர் சிப்பி பட்டன் வைக்கட்டுமான்னு கேட்கிறார். வைக்கலாமா?

வெண்நீலம்:
கையால துவைச்சா வைங்க. மெஷின்னா சட்டையை உள்பக்கம் திருப்பி வலைப் பைக்குள்ள போடணும். கல்லுல அடிச்சுத் துவைக்கக் கொடுக்கிறீங்கன்னா பிளாஸ்டிக்கே போதும், சிப்பி பாதியா உடைஞ்சு வரும். எதை வச்சாலும் 18 லைன் சைஸ்ல ரெண்டு பட்டன் கூட வாங்கி, பக்கத் தையலோட உள்ள தைச்சு வைக்கச் சொல்லிருங்க.